பன்னிரண்டு மணிக்கு எழுந்து போகும் செடிகள்

கத்திரி வெயில் பிறந்து மூன்றாம் நாள், மில் சங்கு பன்னிரண்டு மணிக்கு ஊதி ஓய்ந்ததும், பொன்மாரி நகர் வாசல் பாத்தியில் நின்றிருந்த பன்னீர் ரோஜாச் செடி வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை சாய்ந்து பார்த்துவிட்டு, மண்ணிலிருந்து மெல்லக் காலை உருவி, ஈரச் சேலையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிற பெண்பிள்ளை மாதிரி வேரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுடுகிற சிமெண்டுத் தரையில் தத்தித் தத்தி நடந்து, ஒன்பதாம் நம்பர் வீட்டுப் படியேறிக் கதவைத் தட்டியது.

தையற்காரர் ராஜாமணி வாயில் நூலைக் கடித்தபடியே வந்து கதவைத் திறந்தார்.

"யாருங்க அது?" என்றாள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி.

"நம்ம குடுத்த ரோஜாதான்."

"வெயில்ல வந்திருக்கும். வாசல்ல நிறுத்தி வச்சு என்ன விசாரணை? உள்ள வரச் சொல்லுங்க."

ரோஜா உள்ளே போய்க் குளியலறைக் கதவோரம் ஈரத்தில் நின்றுகொண்டது. நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் வந்த வழியே திரும்பிப் போய்த் தன் குழியில் இறங்கி, மண்ணைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதது போல நின்றது. மறுநாள் அதோடு சேர்ந்து எட்டுச் செடிகள் கிளம்பின. ஏன் கிளம்பின, எப்படிக் கிளம்பின என்று அந்தக் காலனியில் ஒருவரும் கேட்கவில்லை. எந்தச் செடி யார் வீட்டுக்குப் போனது, அங்கே அதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதுதான் பேச்சாக இருந்தது.

கவலைப்பட்ட ஒரே ஆள் தங்கபுஷ்பம் டீச்சர்தான். அவள் உண்மையில் டீச்சர் இல்லை. முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, தட்டும் கையுமாக நிற்கிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறுத்தி ஓய்வு பெற்றவள். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்ட யாருக்கும் அவளை வேறு எப்படியும் கூப்பிடத் தோன்றவில்லை. குப்பை மேடாகக் கிடந்த அந்த இடத்தைப் பாத்தியாக்கியவள் அவள்தான். முப்பதடி நீளம். கிழக்கே சூரியன் எழுந்ததிலிருந்து மேற்கே விழுகிற வரைக்கும் மேலே ஒரு கீற்று நிழல் விழாது. அந்த வெயிலில் ஒன்பது வருஷமாகச் செண்டுப்பூவும் கோழிக்கொண்டையும் போட்டு, பூத்து முடிந்து அவை காய்ந்தால் பிடுங்கி, மறுபடி விதை தூவி, தினம் சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இப்போது ஓசூரில் மகள் பியூலாவுக்கு இரண்டாவது பிரசவம். மூத்ததுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் மகளால் வர முடியாது, இவள்தான் போக வேண்டும், போனால் ஆறு மாசம்.

ஆறு மாசம் பாத்தியை யார் பார்ப்பது என்ற பேச்சு பங்குனி மாசத்துப் பொதுக்குழுவில் வந்தது. சங்கச் செயலாளர் சிதம்பரதாணு அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் வாங்கின வெள்ளைக் கார் நிழலில்லாமல் வாசலில் நின்று, மதியம் ஏறி உட்கார்ந்தால் தோசைக்கல் மேல் உட்கார்ந்தது போலச் சுடுகிறது என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

"யாரு பாக்கப் போறா? சிமெண்டைப் போட்டு மேல ஒரு தகரத்தைப் போட்டா காரும் நிக்கும், காலனியும் சுத்தமா இருக்கும். உங்க மூட்டுக்கும் நல்லது, டீச்சர்."

"என் மூட்டைப் பத்தி என் மூட்டே பேசிக்கும் அண்ணாச்சி. ஒரு தடவை நட்டா வருஷக்கணக்கா நிக்குற செடி இருக்கு. தண்ணியும் கேக்காது, ஆளையும் கேக்காது. அதை வச்சுட்டுத்தான் ஓசூர் பஸ் ஏறுவேன்."

"நம்ம ஊரு கத்திரியில தண்ணி கேக்காத செடியா? பாத்துருவோமே."

பார்த்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. சிதம்பரதாணு தன் கைப்படவே எழுதினார்: இருபத்து நான்கு வீட்டுக்கு இருபத்து நான்கு செடி நடப்படும். கத்திரி தொடங்கும் நாள் முதல் முடியும் நாள் வரை இக்குடியிருப்பைச் சேர்ந்த எவரும் மேற்படி பாத்திக்குத் தண்ணீர் கொண்டுசெல்லலாகாது. முடியும் நாளன்று நண்பகல் பன்னிரண்டரை மணிக்குப் பாத்தியில் பாதிக்குக் குறையாமல் செடிகள் உயிரோடு நின்றால் பாத்தி நீடிக்கும். குறைந்தால் அவ்விடம் தளமிடப்பட்டு வாகன நிறுத்தமாகும்.

டீச்சரிடம் ஐந்தே பெயர் கொண்ட பட்டியல் இருந்தது. அரளி, நித்தியகல்யாணி, காகிதப்பூ, இட்லிப்பூ, கற்றாழை. அதை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பாத்தியில் எங்கள் வீட்டுச் செடிதான் நிற்க வேண்டும் என்று ஆளாளுக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தட்டோடு வந்த எந்தப் பிள்ளையையும் நீ போ என்று சொல்லிப் பழகாத அவள் கை, வந்ததையெல்லாம் வாங்கி வரிசையில் வைத்துவிட்டது; பட்டியலில் இருந்தவற்றுக்கு மதிலோரத்தில் மிச்ச இடம்தான் கிடைத்தது. ரோஜா வந்தது, மல்லிகை வந்தது, கனகாம்பரம் வந்தது, தலை பெருத்த டேலியா வந்தது, கண்ணாடி ஜன்னலோரமே வளர்ந்த குரோட்டன்ஸ் வந்தது. சிதம்பரதாணு, காலனி சுற்றுலாவில் கொடைக்கானலில் வாங்கின, நீலப் பந்து போலப் பூக்கிற மலைச்செடியைக் கொண்டுவந்து, "எங்க வீட்டுப் பங்கு" என்று சிரிக்காமல் நீட்டினார். பனியிலே பிறந்ததைக் கரிசல் வெயிலில் நட்டால் இரண்டு நாள் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது டீச்சருக்கும் தெரியும். அவள் அதையும் வாங்கி, பாத்தியின் நடுவில் நட்டாள்.

கத்திரி தொடங்கியது. யாரும் தண்ணீர் கொண்டுபோகவில்லை. செடிகள்தான் வந்தன.

நாலைந்து நாளில் பொன்மாரி நகருக்கு இது பழகிப்போயிற்று. சங்கு ஊதினால் சோறு வைப்பதற்கு முன்னால் கதவைத் திறந்து வைப்பார்கள். வெளியூர் போகிறவர்கள்கூட, "பூட்டாத, குரோட்டன்ஸு வந்து நிக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். மல்லிகை எந்த வீட்டுக்கும் போகாமல் முக்குக் கடைக்குப் போய்க் குளிர்பானப் பெட்டியோரம் நின்றது. "வாங்கினா வாங்கணும், சும்மா நிக்கப்பிடாது" என்று முதல் நாள் விரட்டின கடைக்காரர் ஷண்முகக்கனி, அந்த வாசத்துக்காகவே நாலு பெண்கள் உப்பு வாங்க வந்து அரைமணி நேரம் நின்று பேசினதைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதற்கு ஒரு ஸ்டூல் போட்டார். குரோட்டன்ஸ் பதினைந்தாம் நம்பரில் உட்கார்ந்து டிவி நாடகம் பார்த்தது. வில்லி வந்தால் இலையை உதறுமாம். டேலியாவுக்குத் தலைக்கனம், மாடிப்படி ஏற முடியாது. இருபத்தொன்றாம் நம்பர்க்காரர் தினமும் இறங்கி வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். அவருடைய மாமியாருக்கு அந்த உபசாரம் நடந்ததில்லை என்று ஒரு பேச்சு ஓடியது.

சண்டையும் வந்தது. ஆறாம் நம்பர் கொடுத்த கனகாம்பரம், அரிசி கழுவின தண்ணீர் கிடைக்கிறதென்று எட்டாம் நம்பருக்குப் போக ஆரம்பித்தது.

"எங்க பிள்ளையைத் தீனி காட்டி இழுத்து வச்சிருக்கீக!"

"கதவைத் தட்டி வருது. போ போன்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளவா? உங்க வீட்டுல பல் தேச்ச தண்ணியைக் குடுத்தா எவ இருப்பா?"

சிதம்பரதாணு அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்: செடிகள் வீட்டுக்குள் நுழையுமுன் வேரைக் கழுவிக்கொள்ளவும். செடிகளுக்கு வாசிக்கத் தெரியாததால் வீட்டுக்காரர்களே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். அதையும் குற்றமென்று அவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, தீர்மானத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துப் பார்த்தார்கள். தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்றுதான் இருந்தது. வந்த விருந்தாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று இல்லை. எழுதினவர் அவரே.

அவர் வீட்டிலும் விருந்தாளி இருந்தது. ஒன்றாம் நம்பருக்கு அந்த மலைச்செடி முதல் நாள் வந்தபோது அவர் கதவைச் சாத்தினார். அவர் மனைவி பகவதி திறந்தாள். "நீங்கதான வாங்கிட்டு வந்தீக? வரவழைச்சவுகதான் பாக்கணும்" என்று ஃபேனுக்குக் கீழே அவருடைய சாய்வு நாற்காலிப் பக்கத்தில் நிறுத்தினாள். முதல் வாரம் அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினார். இரண்டாம் வாரம் அதன் இலை தொங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் ஃபேனை ஐந்தில் வைத்தார். மூன்றாம் வாரம், யாரும் பார்க்காத நேரத்தில், தன் துண்டை நனைத்துப் பிழிந்து அதன் தலைமேல் போட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பகவதி எல்லாரிடமும் சொன்னாள்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, டீச்சர் தினமும் பன்னிரண்டரை மணிக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாத்தியோரம் நின்று, குழி குழியாகக் கிடந்த மண்ணை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு செடியும் சாகவில்லை, சரிதான். ஆனால் சோதனை நேரத்தில் நிற்கவேண்டிய செடி ஊரெல்லாம் விருந்துக்குப் போயிருந்தால் நிற்கிறதென்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

அதட்டிப் பார்த்தாள். "ஏட்டி ரோஜா, எங்க எந்திரிக்கே? உக்காரு!" முப்பது வருஷம் பிள்ளைகளை உட்கார வைத்த குரல் அது. ரோஜா ஒரு கணம் தயங்கி, பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. தேங்காய் நார்க் கயிற்றால் குச்சியில் கட்டினாள். கயிற்றையும் குச்சியையும் இழுத்துக்கொண்டே போய் ராஜாமணி வீட்டில் துணிக்கொடியாகக் கட்டிவிட்டது.

களைத்துப்போய் ஒருநாள் பாத்தியின் கல்லில் உட்கார்ந்தபோதுதான், போகிறவர்களையே பார்த்துப் பார்த்து இருக்கிறவர்களைப் பார்க்காமல் விட்டது அவளுக்கு உறைத்தது. மதிலோரத்து அரளிகள் அந்த வெயிலிலும் சிவப்பும் வெள்ளையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தன. நித்தியகல்யாணி பூத்த பூவைப் பறிக்க ஆளில்லாமல் மேலும் பூத்தது. காகிதப்பூ இன்னும் கொஞ்சம் வெயில் கிடைக்குமா என்பது போல மதில்மேல் எட்டிப் பார்த்தது. ஓரத்துக் கற்றாழை தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. இட்லிப்பூ ஒன்று மட்டும் சங்கு ஊதும்போது எழுந்து நிற்கும், தெருவைப் பார்க்கும், யோசிக்கும், பிறகு உட்கார்ந்துவிடும்.

ஏன் இவை மட்டும்? அவள் கரிசலின் வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ரோஜா எழுந்து போகையில் அதன் வேரைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒரு சாண்கூட இறங்கவில்லை. நட்ட நாளிலிருந்து கத்திரி வரைக்கும் பாசத்தோடு தினம் ஒரு செம்பு தெளித்தாளே, கேட்குமுன் வாயில் ஊட்டின பிள்ளை மாதிரி அது மேலாகவே வேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மதிலோரம் முழங்கால் ஒத்துழைக்காததால் தினமும் போக முடியவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், குனிந்து குனிந்து நாலு குடத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டு, மேலே கடலைத் தோட்டை அள்ளிப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். தண்ணீர் கீழே போயிற்று, அதைத் தேடி வேரும் கீழே போயிற்று.

"செடியைத் தேர்ந்தெடுத்தது நானில்ல. என் முட்டி" என்று அவள் தனக்குள் சொல்லிச் சிரித்தாள். பிறகு எண்ணினாள். சிரிப்பு நின்றது. பதினொன்று.

பாதி என்றால் பன்னிரண்டு. எத்தனை தடவை எண்ணினாலும் பதினொன்று.

கத்திரியின் கடைசி நாள் காலையிலேயே ஒரு லோடு மணல் வாசலில் வந்து விழுந்தது. சிதம்பரதாணு வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்புக் குடை பிடித்து, தீர்மான நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். காலனியே வாசலில் கூடிவிட்டது. வீடுகளெல்லாம் வழக்கம்போலத் திறந்து கிடந்தன. பகவதி கடைசியாக வந்தாள், ஏனோ அன்றைக்கு இடுப்பில் சாவிக்கொத்து.

சங்கு ஊதியது. ரோஜா எழுந்தது, மல்லிகை எழுந்தது, டேலியா கைத்தாங்கலுக்கு ஆளைத் தேடியது, கனகாம்பரம் ஆறாம் நம்பரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எட்டை நோக்கி நடந்தது. நீலப்பந்துச் செடி ஒன்றாம் நம்பரை நோக்கி, வழி தெரிந்த ஆள் மாதிரி, விறுவிறுவென்று போயிற்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பதின்மூன்றும் போன பிறகு, இட்லிப்பூ மெதுவாக எழுந்து நின்றது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். இட்லிப்பூ தெருவைப் பார்த்தது, மேகமில்லாத வானத்தைப் பார்த்தது, உட்கார்ந்தது.

"பதினொண்ணு" என்றார் சிதம்பரதாணு, பாத்திக்குள் இறங்கி நடுவில் நின்று, விரல் விட்டு எண்ணி முடித்து. "டீச்சர், எனக்குச் சந்தோஷம்னு நெனைக்காதீக. எழுதினது எழுதினதுதான்."

"மணி பன்னிரண்டு இருவதுதான் ஆகுது அண்ணாச்சி. அரைக்குத்தான எழுதியிருக்கீக?"

"பத்து நிமிசத்துல செடி முளைச்சிரவா போகுது?"

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து ராஜாமணி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்றார்.

பூட்டின கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இலையெல்லாம் துவண்டு, நீலத் தலை தொங்க, அந்த மலைச்செடி திரும்பி வந்துகொண்டிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே பாத்திக்குள் இறங்கி, அந்த முப்பதடியில் நிழல் என்று இருந்த ஒரே இடத்தை, அதாவது செயலாளரின் குடை நிழலை அடைந்து, அவர் காலடியிலேயே இருந்த தன் பழைய குழியில் வேரை இறக்கி, அவர் வேட்டியில் லேசாகச் சாய்ந்துகொண்டது.

இப்போது பன்னிரண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. குடைக்காரர் ஓரடி தள்ளி நின்றால் அது மறுபடி பதினொன்று என்பதும் தெரிந்தது.

சிதம்பரதாணு குடையைக் கொஞ்சம், சும்மா கொஞ்சமே கொஞ்சம், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஓர் இலையில் வெயில் பட்டது. செடி வேர் ஒன்றை மண்ணிலிருந்து எடுத்தது. அவர் மனைவியைப் பார்த்தார்.

"வீட்டை ஏன் பூட்டின?"

"காலம் கெட்டுக் கிடக்கு. பூட்டாம வரச் சொல்லுதீகளா?" என்றாள் பகவதி.

அவர் நோட்டைப் பிரித்து ஒரு கையாலேயே பக்கத்தைத் தள்ளி வாசித்தார். தண்ணீர் கொண்டுசெல்லலாகாது என்று இருந்தது. குடையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வாசலில் வெள்ளைக் கார் வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு நின்றது. காலடியில் நீலத் தலை இன்னும் கொஞ்சம் தொங்கியது. மூன்று வாரம் ஃபேனுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் கிடந்து தூங்கின பழக்கம்.

"எண்ணெய் இல்லாத விளக்கு மாதிரி நிக்குதே சனியன்" என்று முணுமுணுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நெற்றி வியர்வையில் அது ஏற்கெனவே நனைந்திருந்தது. செடியின் தலைமேல் போட்டார். குடையை இந்தப் பக்கம் முழுக்கச் சாய்த்தார். அவருடைய வழுக்கை வெயிலுக்குப் போயிற்று.

"குடையை நல்லாப் பிடிங்க, கை ஆடுது" என்றாள் பகவதி.

பத்து நிமிஷம். ராஜாமணி கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார், ஷண்முகக்கனி சோடா உடைத்துக் கொண்டுவந்து செயலாளர் வாயில் ஊற்றினார், சோடா தண்ணீராகுமா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டரை ஆனதும் டீச்சர் நோட்டை வாங்கிப் பிடித்துக்கொள்ள, குடை பிடித்த கை மாறாமலே அவர் கையெழுத்துப் போட்டார்: நின்றவை பன்னிரண்டு.

அடுத்த வாரம் டீச்சர் ஓசூர் பஸ் ஏறினாள். போகுமுன், எழுந்து போகிற செடிகளையெல்லாம் போய்ப் பழகின வீடுகளிலேயே தொட்டியில் வைக்கச் சொல்லிவிட்டாள். கனகாம்பரத்துக்காக ஆறும் எட்டும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. காலியான குழிகளில் முதல் மழைக்கு அரளிக் குச்சியும் நித்தியகல்யாணி விதையும் விழுந்தன. வந்த மணலை வீணாக்காமல் கரிசலில் கலந்துவிட்டார்கள், தண்ணீர் தேங்காமல் இறங்க நல்லதாகப் போயிற்று. மதிலைத் தாண்டின காகிதப்பூவுக்கு வெளியே நாலு கம்பு நட்டுப் பந்தல் போட்டார்கள். அதற்குக் கீழே கார் நின்றது, தினமும் காலையில் பூப் போட்ட கல்யாணக் கார் மாதிரி.

பேத்தி பிறந்த சேதி சொல்ல டீச்சர் போன் போட்டபோது பகவதிதான் எடுத்தாள். பேச்செல்லாம் முடிந்த பிறகு டீச்சர் கேட்டாள்: "பாத்தி எப்படி இருக்கு, மதினி? யாராச்சும் பாத்துக்கிடுதாகளா?"

"செடிக்கென்ன டீச்சரக்கா, அதுபாட்டுக்குப் பூத்துக் கொட்டுது, ஒரு ஆள் வேண்டாம்" என்றாள் பகவதி. பின்னால் ஃபேன் ஐந்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. "இவுகளையும் அந்த நீலப்பந்தையும் பாக்கத்தான் ஆள் வேண்டியிருக்கு. ரெண்டு பேரும் நான் உக்காருத நாற்காலியையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டாக."